கரைமேல் செல்லும் வழி

லுவார் ஆற்றங்கரையில் மிதிவண்டியில் செல்பவர், தாம் ஒரு சுவரின்மேல் செல்வதை முதலில் உணர்வதில்லை. பாதை ஏற்ற இறக்கமின்றி நீள்கிறது. இருமருங்கும் புல் அடர்ந்திருக்கிறது. ஒருபுறம், கீழே, ஆறும் மணல்திட்டுகளும் வில்லோ மரங்களும். மறுபுறம் தலையைத் திருப்பும்போதுதான் வியப்பு எழுகிறது. அங்கே வீட்டுக் கூரைகள் கண்மட்டத்தில் நிற்கின்றன. காய்கறித் தோட்டங்களும் கோயில் முற்றமும் பள்ளிக்கூடமும் பாதையைவிடப் பல மீட்டர் தாழ்ந்து கிடக்கின்றன. ஆற்றில் பெருவெள்ளம் வந்தால் நீர்மட்டம் அவ்வீட்டு வாயிற்படிகளுக்கு வெகு உயரத்தில் நிற்கும். நீருக்கும் ஊருக்கும் இடையே இருப்பது இந்த மண்கரை ஒன்றே. அதன் முகட்டில்தான் மிதிவண்டி உருண்டுகொண்டிருக்கிறது.

பிரான்சு நாட்டின் மிக நீளமான ஆறு லுவார். நாட்டின் தென்நடுப் பகுதியில் உள்ள மாசிஃப் சென்ட்ரல் மலைநிலத்தில், ஜெர்பியே த ஜோன் என்னும் குன்றின் அடியில் பிறக்கிறது. வடக்கு நோக்கி ஓடுகிறது. ஓர்லேயான் நகரை ஒட்டி மேற்கே வளைகிறது. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடந்து அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. நெவேர் நகருக்கு அருகில், அல்லியே என்னும் துணையாறு வந்து சேரும் கூடல்முனையில் ஒரு மிதிவண்டி வழி தொடங்குகிறது. ‘லுவார் ஆ வேலோ’ என்பது அதன் பெயர்; ‘மிதிவண்டியில் லுவார்’ என்பது பொருள். கழிமுகத்தின் தென்கரையில் உள்ள சான் பிரவேன் என்ற கடற்கரை ஊர்வரை அவ்வழி சுமார் 900 கிலோமீட்டர் நீள்கிறது. 1990களின் நடுவில் இரு மண்டல அரசுகள் இணைந்து வகுத்த திட்டம் அது. அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல்வரை பத்து நாடுகளின் வழியே செல்லும் ஐரோப்பிய மிதிவண்டி நெடுவழியின் தொடக்கப் பகுதியும் இதுவே.

900 கிலோமீட்டர் என்றதும் மலைக்க வேண்டியதில்லை. தொடக்கத்துக்கும் கடலுக்கும் இடையே நில உயரத்தின் வேறுபாடு 200 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆறு எவ்வளவு மெல்லச் சரிகிறதோ அவ்வளவு மெல்லப் பாதையும் சரிகிறது. அதனால் பந்தய வீரர்கள் மட்டுமல்லாமல், குழந்தையைப் பின்வண்டியில் அமர்த்தி இழுத்துச் செல்லும் பெற்றோரும், பணி ஓய்வு பெற்ற தம்பதியரும், பின்சக்கரத்தின் இருபுறமும் பை தொங்க வரும் மாணவர்களும் இவ்வழியில் எதிர்ப்படுகின்றனர். நாளொன்றுக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் என்பது அவர்களுள் பெரும்பாலோர் கொள்ளும் அளவு. மகிழுந்தில் செல்பவர் இந்தத் தொலைவை ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் கூரைகள் ஏன் தாழ்ந்திருக்கின்றன என்று கேட்க அவருக்கு நேரமிராது.

மிதிவண்டியில் ஊர் சுற்றும் பழக்கத்துக்கு இந்த ஆற்றுப் படுகையோடு ஓர் உறவும் உண்டு. ஆற்றின் மேற்பகுதியை அடுத்துள்ள சான்த் எத்தியென் என்னும் தொழில் நகரில் வாழ்ந்தவர் பால் த விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரால் அறியப்பட்ட அவர் 1887இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1930இல் மறையும்வரை, சங்கிலியைப் பற்சக்கரம் மாற்றி மலையேற உதவும் பல்வேகப் பொறிக்காக ஓயாது வாதாடினார். வீண்பெருமைக்காக மிதிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த பயண நெறிகளுள் ஒன்று. புகழ்பெற்ற ‘தூர் த பிரான்சு’ பந்தயம் அப்பொறியை 1937இல்தான் அனுமதித்தது. பந்தயக்காரர்களுக்கு முன்பே சுற்றுலாக்காரர்கள் அதன் அருமையை அறிந்திருந்தனர் என்பது சற்றே இனிக்கும் செய்திதான். அதற்கு முந்தைய ஆண்டான 1936இல், பிரெஞ்சுத் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் கூடிய இரு வார விடுமுறை சட்டப்படி கிடைத்தது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர் பலர் முதன்முறையாக ஊரைவிட்டு வெளியே சென்றனர். அவர்களுள் மிகப் பலரிடம் இருந்த ஒரே ஊர்தி மிதிவண்டி. நதியும் கடலும் செல்வர்க்கு மட்டும் உரியவையல்ல என்பதை அவ்வண்டிகள் சொல்லாமல் சொல்லின.

பயணத்தின் தொடக்க நாள்களிலேயே பிரியார் என்னும் ஊரில் ஒரு விந்தை காத்திருக்கிறது. அங்கே ஆற்றின்மேல் பாலம் இருக்கிறது. பாலத்தின்மேல் சாலை இல்லை, தண்ணீர் இருக்கிறது. 1896இல் திறக்கப்பட்ட அந்த எஃகுக் கால்வாய்ப் பாலத்தின் நீளம் 662 மீட்டர். அதன் கல்தூண்களை எழுப்பியது ஈஃபிலின் நிறுவனம். கால்வாயில் வரும் படகுகள் முன்பு ஆற்றில் இறங்கி, அதன் ஓட்டத்துக்குக் குறுக்கே கடந்து, மறுகரைக் கால்வாயில் ஏற வேண்டியிருந்தது. வெள்ளக் காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கும் செயல். கோடையிலோ ஆற்றில் நீரே இராது. எனவே ஆற்றைத் தொடாமலே கடக்க வழி செய்தனர். சுமையேற்றிய படகு வந்தாலும் பாலத்தின்மீது அழுத்தம் கூடுவதில்லை. படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிவிடுகிறது என்பதே காரணம். ஆர்க்கிமிடீசின் விதியை அங்கே காலார நடந்தே கற்கலாம். கால்வாயின் இருபக்கமும் உள்ள குறுகிய நடைபாதையில் பயணிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்கின்றனர். மேலே ஒரு நீர், கீழே ஒரு நீர்.

கடந்து செல்லவே இவ்வளவு அஞ்சும்படி அந்த ஆற்றில் என்ன இருக்கிறது? கோடையில் ஓர்லேயான் பாலத்தில் நின்று பார்ப்பவர்க்கு அந்த அச்சம் விளங்காது. பரந்த மணற்பரப்பின் நடுவே நீர் பல கிளைகளாகப் பிரிந்து நெளிகிறது. வினாடிக்குச் சில பத்து கனமீட்டர் நீரே ஓடும் நாள்கள் உண்டு. ஆனால் மேல்மலையில் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் இடிமழையும், சமவெளியில் அட்லாண்டிக்கிலிருந்து வரும் அடைமழையும் ஒரே சமயத்தில் கொட்டிவிட்டால், அதே ஆற்றில் வினாடிக்கு 6,000 கனமீட்டருக்கு மேல் நீர் பாய்ந்ததுண்டு. நூறு மடங்குக்கும் மேலான இந்த ஏற்றத்தாழ்வே லுவாரின் இயல்பு.

அந்த இயல்போடு மனிதர் நடத்திய நெடிய வழக்கின் சான்றுதான் கரை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே மரக்கட்டைகளையும் மண்ணையும் கொண்டு தாழ்வான அணைப்புகளை எழுப்பினர். வெள்ளத்தை மெதுவாக உள்ளே விட்டு, வண்டலை வயலில் படியவைப்பதும் அவற்றின் பயனாக இருந்தது. பின்னர் அரசர்கள் வந்தனர்; அமைச்சர்கள் வந்தனர். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் காலத்தில் கரைகள் நீண்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் கோடைகால நீர்மட்டத்துக்கு மேல் சுமார் ஏழு மீட்டர் உயர்ந்தன. நோக்கம் மாறிவிட்டது: வெள்ளத்தை அடக்கி உள்ளே விடுவதன்று, அறவே உள்ளே விடாதிருப்பது. கரையை உயர்த்தினால் ஆறு ஒடுங்கும். ஒடுங்கிய ஆற்றில் அதே வெள்ளம் இன்னும் உயர்ந்து எழும். அப்போது கரை போதாது. மீண்டும் உயர்த்த வேண்டும். இடையில், கரை காக்கும் என்ற நம்பிக்கையில் மேலும் மேலும் வீடுகள் தாழ்நிலத்தில் எழுந்தன. கரை உயர்ந்த அளவுக்கு ஆபத்தும் உயர்ந்தது. கரை இருப்பதாலேயே அதை மறக்கவும் முடிந்தது.

1846, 1856, 1866 என இருபது ஆண்டுகளில் மூன்று பெருவெள்ளங்கள் வந்தன. 1856 சூன் மாதத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரை உடைந்தது. தூர் நகருக்குக் கீழே, வடகரையில் உள்ள லா சப்பேல் என்னும் சிற்றூரின் பெரும்பகுதியை உடைப்பு வாரிச் சென்றது. அங்கே புகுந்த நீர் கரைக்குப் பின்னாலேயே பல பத்துக் கிலோமீட்டர் ஓடி, ஆன்ஜே நகருக்கு அருகில் திரேலாசேயின் கற்பலகைச் சுரங்கங்களை நிரப்பியது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நேரில் வந்து பார்த்தார். இன்றும் ஆற்றோர ஊர்களின் சுவர்களிலும் பாலத் தூண்களிலும் அந்த ஆண்டுகள் வெள்ளக் குறிகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மிதிவண்டியிலிருந்து இறங்கி அக்கோட்டின் அருகில் நின்றால், சில இடங்களில் அது தலைக்கு மேலே இருக்கும்.

பேரழிவுக்குப் பின் கோமுவா என்னும் பொறியாளர், மேல்பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்களைக் கட்டலாம் என ஆராய்ந்தார். அவற்றுள் பெரும்பாலானவை தாளிலேயே தங்கின. அவருடைய மற்றொரு பரிந்துரை எளிமையானது: சில இடங்களில் கரையை வேண்டுமென்றே தாழ்த்திக் கல் பாவிக் கலிங்குகளாக்க வேண்டும். கரை தன் விருப்பப்படி எங்கோ உடைவதைவிட, நாம் குறித்த இடத்தில் நீர் வழிந்து வயல்களில் பரவட்டும் என்பதே அதன் தத்துவம். அத்தகைய கலிங்குகள் சில கட்டப்பட்டன. மிதிவண்டிப் பாதை அவற்றின் அருகே செல்லும்போது திடீரென்று சற்றே இறங்கி ஏறுகிறது. காரணம் அறியாதவர்க்கு அது ஒரு பள்ளம். அறிந்தவர்க்கு ஆற்றுக்கு மனிதர் விட்டுக்கொடுத்த வாயில்.

விட்டுக்கொடுத்ததை மறந்தவர்களும் உண்டு. புளுவா நகருக்கு எதிர்க்கரையில் லா பூயி என்னும் இடத்தில் பழைய கலிங்கு ஒன்று இருக்கிறது. பல தலைமுறைகளாகப் பெருவெள்ளம் வராததால், அதன்வழியே நீர் பாய வேண்டிய தடத்தில் வீடுகளும் கடைகளும் முளைத்து ஒரு குடியிருப்பே உருவாகிவிட்டது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சியாளர் அவ்வீடுகளை ஒவ்வொன்றாக விலைகொடுத்து வாங்கி இடிக்கத் தொடங்கினர். வெள்ளத்தை ஒருமுறைகூடக் காணாத ஒருவரிடம் சென்று, என்றோ வரவிருக்கும் வெள்ளத்துக்காகப் பிறந்த வீட்டை விட்டுவிடச் சொல்வது எளிதன்று. இன்று அவ்விடத்தில் திறந்த வெளி இருக்கிறது. அழகிய மாளிகைகளைத் தேடி விரையும் பயணிகள் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் 1519இல் தொடங்கப்பட்ட சாம்போர் அரண்மனையைப் போலவே அந்த வெற்றிடமும் காணத்தக்கதுதான்.

இந்த ஆறு ஒரு காலத்தில் நாட்டின் பெருவழியாகவும் விளங்கியது. தட்டையான அடிப்பாகம் கொண்ட மரப்படகுகள், கடலிலிருந்து வீசும் மேற்குக் காற்றைச் சதுரப் பாயில் வாங்கி, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின. நாந்த் துறைமுகத்துச் சரக்கு இவ்வாறே உள்நாட்டுக்குச் சென்றது. 1830களில் நீராவிப் படகுகள் வந்தன. கொதிகலன் வெடித்து உயிர்கள் போனதால் மக்கள் ஏறத் தயங்கினர். ஒரு நிறுவனம் தன் படகுகளுக்கு ‘வெடிக்காதவை’ என்றே பெயரிட்டு அழைத்தது. ஆனால் அவற்றை வீழ்த்தியது வெடிப்பு அன்று. 1843இல் ஓர்லேயானுக்கும் 1851இல் நாந்துக்கும் தொடர்வண்டி வந்து சேர்ந்தது. படகுத் தொழில் சில பத்தாண்டுகளில் ஓய்ந்தது. மற்ற பேராறுகளைப் போல இதை ஆழப்படுத்தி, நேராக்கி, சரக்குக் கப்பல் ஓட்ட வேண்டிய தேவையும் அதனோடு மறைந்தது. இன்றைய பயணி காணும் மணல்திட்டுகளும் கிளையாறுகளும் அந்தக் கைவிடலின் பரிசு.

கைவிடப்பட்ட ஆறும் சுரண்டலுக்குத் தப்பவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளும் சாலைகளும் கட்ட மணல் தேவைப்பட்டது. ஆற்றின் அடியிலிருந்தே அதை அள்ளினர். அள்ள அள்ள ஆற்றுப்படுகை தாழ்ந்தது. தூர் நகரில் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய கற்பாலம் மரக்கம்பங்களின்மேல் நின்றது. அக்கம்பங்கள் நீருக்குள் மூழ்கியிருந்தவரை உறுதி குன்றாதவை. படுகை தாழ்ந்து, கோடை நீரும் குறைந்தபோது அவை வெளியே தெரிந்தன. அடித்தளம் அரிக்கப்பட்டது. 1978 ஏப்ரல் 9 அன்று, இரு நூற்றாண்டுகள் நின்ற அப்பாலத்தின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் சரிந்தன. பாலம் மீண்டும் கட்டப்பட்டது. ஆற்றுக்குள் மணல் அள்ளுவதும் பின்னர் நிறுத்தப்பட்டது. மணல் என்பது ஆற்றின்மேல் கிடக்கும் பொருளன்று, ஆற்றின் உடம்பு என்பதை அந்நகரத்தார் அறிந்த விதம் அது.

ஆற்றை என்ன செய்வது என்ற கேள்வி முற்றியது இந்த மிதிவண்டி வழி தொடங்கும் இடத்துக்கும் மேலே, மலைப்பகுதியில். 1980 செப்டம்பரில் பிரீவ் சாரன்சாக் என்ற ஊரில் ஒரே மாலையில் எழுந்த வெள்ளம் எட்டு உயிர்களைக் கொண்டது. அதன் பின்னணியில், லுவாரின் மேற்பகுதியிலும் அதன் துணையாறுகளிலும் பெரிய அணைகள் கட்டத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சேர் த லா ஃபார் என்னும் பள்ளத்தாக்கில் அமையவிருந்தது. அங்கே அணை எழுந்தால் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கு பல கிலோமீட்டர் நீளத்துக்கு மூழ்கும். 1989 பிப்ரவரியில் எதிர்ப்பாளர்கள் அவ்விடத்தில் கூடாரமிட்டு அமர்ந்தனர். ஐந்து பனிக்காலங்கள் அங்கேயே தங்கினர்.

இந்த வழக்கில் ஒரு பக்கத்தை மட்டும் நல்லவராக்கிவிடுவது நேர்மையாகாது. அணை கேட்டவர்களிடம் எட்டுப் பேரின் மரணம் என்ற மறுக்கவியலாத வாதம் இருந்தது. எதிர்த்தவர்களும் அதை மறுக்கவில்லை. வெள்ளத்தின் வழியில் மனிதர் சென்று அமர்ந்ததால்தான் உயிர்கள் போயின, ஆற்றை நகர்த்துவதைவிட ஆலைகளை நகர்த்துவதே முறை என்றனர். 1994 சனவரியில் அரசு சேர் த லா ஃபார் அணையைக் கைவிட்டது. அதற்கு மாறாக, பிரீவ் சாரன்சாக்கில் ஆற்றோரத் தொழிற்கூடங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன, ஆற்றுப்படுகை அகலப்படுத்தப்பட்டது, வெள்ள முன்னறிவிப்பு வலுப்பெற்றது. சில ஆண்டுகளில் அல்லியே ஆற்றில் ஒரு பழைய அணையும் வியென் ஆற்றில் மற்றொன்றும் அகற்றப்பட்டன. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து மலைவரை நீந்தி வரும் சால்மன் மீன்களுக்கு வழி திறப்பதும் அதன் நோக்கம்.

இதனால் லுவாரை ‘ஐரோப்பாவின் கடைசிக் காட்டாறு’ என்று விளம்பரங்கள் புகழ்கின்றன. அது மிகை. மேற்பகுதியில் கிரான்ஜான், வில்லெரே ஆகிய அணைகள் இன்றும் உள்ளன. ஆற்றின் கரையில் நான்கு அணுமின் நிலையங்கள் உள்ளன. தாம்பியேர் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் வெண்புகை போன்ற நீராவி, பயணியின் கண்ணில் நெடுநேரம் படுகிறது. கோடையில் அவற்றைக் குளிர்விக்கவும் போதிய நீர் ஓட வேண்டும் என்பதற்காகவே நீர்த்தேக்கங்களிலிருந்து நீர் திறந்து விடப்படுகிறது. காட்டாறு என்பதைவிட, ஓரளவு விட்டுவைக்கப்பட்ட ஆறு என்று சொல்வதே பொருத்தம். அந்த ஓரளவிலேயே எவ்வளவோ வாழ்கிறது. இளவேனிலில் ஆலாப் பறவைகள் மணல்திட்டுகளில் முட்டையிடுகின்றன. கூடு என ஒன்று கிடையாது. மணலில் ஒரு சிறு குழிவு, அவ்வளவே. முட்டையின் நிறமும் மணலின் நிறமும் ஒன்று. ஒரு மனிதர் திட்டில் கால் வைத்தாலே குஞ்சுகள் அழியக்கூடும் என்பதால், அம்மாதங்களில் அங்கே இறங்கத் தடை உள்ளது. பயணிகள் கரையில் வண்டியைச் சாய்த்து, தொலைநோக்கியில் பார்த்துச் செல்கின்றனர்.

சோமூர் நகரை நெருங்கும்போது நிலம் வெண்மையாகிறது. அங்குள்ள மென்மையான சுண்ணாம்புக்கல்லை வெட்டிப் படகேற்றித்தான் ஆற்றங்கரையின் மாளிகைகளும் எளிய வீடுகளும் எழுந்தன. வெட்டிய இடம் குகையாக எஞ்சியது. அக்குகைகளில் மக்கள் குடியிருந்தனர். பின்னர் காளான் வளர்த்தனர். திராட்சை மது சேமித்தனர். சில இடங்களில் பாதை பாறைக் குடைவின் ஊடாகவே செல்கிறது. கோடை வெயிலில் மிதித்து வந்தவர்க்கு அந்தக் குளிர்ச்சி மறக்காது. சுல்லி என்ற ஊரிலிருந்து ஆன்ஜேக்குக் கீழே உள்ள சலோன்வரை, ஆற்றுப் பள்ளத்தாக்கின் சுமார் 280 கிலோமீட்டர் 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அரண்மனைகளுக்காக மட்டுமன்று, கரை, படகுத்துறை, தோட்டம், ஊர் என மனிதரும் ஆறும் சேர்ந்து செய்த நிலத்தோற்றத்துக்காக.

சிற்றூர்களுக்கும் இவ்வழி பயன் தருகிறது. மகிழுந்துப் பயணி நகரத்து விடுதியில் தங்குவார். மிதிவண்டிக்காரர் கால் ஓய்ந்த இடத்தில் தங்குவார். பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்து, வண்டியைப் பூட்டி வைக்கக் கொட்டகையும் பழுது பார்க்கக் கருவிகளும் தரும் விடுதிகளுக்கு ஓர் அடையாளப் பலகை வழங்கப்படுகிறது. அடுமனைக்காரர்க்கும் இதனால் காலையில் கூடுதல் வேலை. பசியுடன் வரும் விருந்தினரைப் போல நல்ல வாடிக்கையாளர் எவர்?

நாந்த் நகரைக் கடந்தபின் ஆறு அகன்று, சேறு கலந்து, கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஆட்படுகிறது. கரையின் உயரம் குறைந்து, வானம் பெருகுகிறது. சான் பிரவேன் கடற்கரையில் ஒரு பெரும் பாம்பின் எலும்புக்கூடு அலைகளுக்கிடையே வளைந்து கிடக்கிறது. சீனாவில் பிறந்த பிரெஞ்சுக் கலைஞர் உவாங் யோங் பிங் 2012இல் அமைத்த உலோகச் சிற்பம் அது. கடல் ஏறும்போது விலா எலும்புகள் மறைகின்றன, இறங்கும்போது வெளிப்படுகின்றன. 900 கிலோமீட்டர் எதிர்காற்றைச் சபித்துக்கொண்டே வந்தவர்கள் அங்கே வண்டியை மணலில் சாய்த்துவிட்டுக் கால்களை நீரில் நனைக்கின்றனர். பலர் தொடர்வண்டி நிலையத்துக்கு வழி கேட்கின்றனர். சிலர் மறுநாள் காலை வண்டியைத் திருப்பிக்கொண்டு, பழைய படகோட்டிகளைப் போல மேற்குக் காற்றை முதுகில் வாங்கி, ஆற்றின் மேல்திசை நோக்கி மிதிக்கத் தொடங்குகின்றனர்.